மணல் மூடிய முருகன் கோயில்

நுழையும்முன்

தமிழகத்துக் கடற்கரையில் கோயில்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று பல நூற்றாண்டுகள் மணலுக்கடியில் கிடந்தது. கடல் பொங்கிய ஒரு நாள் அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள அக்கோயில் எவ்வாறு கண்டறியப்பட்டது, அதன் கற்களும் செங்கற்களும் எவற்றைச் சொல்கின்றன, எவற்றை இன்னும் வழக்கில் வைத்திருக்கின்றன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சாளுவன்குப்பத்திற்குச் செல்லும் வழி

செங்கல்பட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை திருக்கழுக்குன்றத்தின் மலையடியைத் தொட்டு, ஏரிகளையும் வயல்களையும் கடந்து, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதும் மாமல்லபுரத்தை அடைகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர்ப் பயணம். மாமல்லபுரத்திற்கு வருவோருள் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். 1984ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஊர் என்பதால் அங்கே கூட்டத்திற்குக் குறைவில்லை. அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே 5 கிலோமீட்டர் அளவில் சென்றால் சாளுவன்குப்பம் என்னும் சிற்றூர் வருகிறது. இங்கே கூட்டம் குறைவு. பார்க்க வேண்டியவை குறைவல்ல.

சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பியதும் புலிக்குகை கண்ணில் படும். பெயரில் புலி இருந்தாலும் பாறையைச் சூழ்ந்து நிற்பவை யாளித் தலைகளே. சற்றுத் தள்ளி அதிரணசண்ட மண்டபம் என்னும் குடைவரை உள்ளது. அதிரணசண்டன் என்பது பல்லவ மன்னனின் பட்டப்பெயர். அம்மண்டபத்துச் சுவர்களில் ஒரே வடமொழிச் செய்தி இரண்டு எழுத்துமுறைகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒருபுறம் பல்லவ கிரந்தம், மறுபுறம் நாகரி. பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சென்ற துறைமுகப் பகுதியில் இரு வகை எழுத்துகளையும் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றுக்கு வடக்கே, கம்பி வேலிக்குள், தரைமட்டத்திற்குக் கீழே இறங்கிய ஒரு பள்ளம் காணப்படும். அதனுள் செங்கற்சுவர்களின் அடிப்பகுதியும் கருங்கல் அடுக்குகளும் உடைந்த தூண்களும் உள்ளன. கோபுரம் இல்லை, விமானம் இல்லை. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போது, "இதுதானா கோயில்?" என்று அவர்கள் கேட்பது வழக்கம். அக்கேள்வி நியாயமானதே. நின்று நிலைத்த கோயில் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். இடிந்து புதைந்த கோயிலை நாம்தாம் படித்தறிய வேண்டும்.

கடல் காட்டிய எழுத்து

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் இந்தியப் பெருங்கடலில் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 8,000 பேர் அளவில் உயிரிழந்தனர். நாகப்பட்டினம் மாவட்டம் மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தது. அந்நாளைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியது இவ்வுயிர்களைத்தான். தொல்லியல் கண்டுபிடிப்பு அதற்குப் பின்னர் வரும் செய்தி.

அலை தாக்குவதற்கு முன் மாமல்லபுரத்தில் கடல் வெகுதொலைவு உள்வாங்கியது. நீருக்கடியில் வரிசையாகக் கிடந்த பெரும்பாறைகளைக் கண்டதாகக் கரையில் இருந்தோர் கூறினர். அலை வடிந்தபின் கடற்கரைக் கோயிலை ஒட்டிய பகுதியில் மணல் அரிக்கப்பட்டு, அதுவரை மறைந்திருந்த பாறைச் சிற்பங்கள் சில வெளித்தெரிந்தன. சாளுவன்குப்பத்திலும் மணல் விலகியது. அங்கே ஒரு பாறையில் எழுத்துகள் காணப்பட்டன.

இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்வெழுத்துகளைப் படித்தனர். அவை இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்தவை; அஃதாவது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தக்காணத்தில் ஆண்ட அம்மன்னன் தொண்டை மண்டலத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டு வந்திருந்தான் என்பது வரலாறு. அக்கல்வெட்டு திருவிழ்ச்சில் என்னும் ஊரில் உள்ள சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டது.

இங்கேதான் ஆய்வாளர்க்கு ஐயம் எழுந்தது. கல்வெட்டு இருக்கிறது, அது சொல்லும் கோயில் எங்கே? புலிக்குகை முருகனுக்குரிய கோயில் அன்று. அதிரணசண்ட மண்டபம் சிவனுக்குரியது. திருவிழ்ச்சில் என்னும் ஊர்ப்பெயரோ மக்கள் வழக்கில் இல்லை. பாறைக்கு அருகில் இருந்ததெல்லாம் ஒரு மணல்மேடு மட்டுமே. கல்வெட்டில் கோயில் உண்டு, கண்ணுக்கு முன் கோயில் இல்லை என்றால், அது மணலுக்குள் இருக்கக்கூடும் என்று கருதி 2005ஆம் ஆண்டில் அம்மேட்டை அகழ்ந்தனர். கருதியது பொய்க்கவில்லை.

தோண்டியவுடன் கருங்கல்லாலான கோயிலின் எஞ்சிய பகுதிகள் கிடைத்தன. அது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவர்காலக் கோயில் என்று கணித்தனர். ஓர் ஊரின் பெயரும் ஒரு தெய்வத்தின் பெயரும் பாறையில் எழுதப்பட்டிருந்தமையால் ஒரு கோயில் மீண்டது. அத்துடன் பணி முடிந்திருந்தாலும் அது பெருங்கண்டுபிடிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் கருங்கல்லின் கீழே செங்கல் தெரிந்தது.

கோயிலுக்குள் கோயில்

மேலும் அகழ்ந்தபோது, பல்லவர் கோயில் வெறுந்தரையில் எழுப்பப்படவில்லை என்பது தெளிவாயிற்று. அதற்கு முன்னரே அங்கே ஒரு செங்கற்கோயில் இருந்திருக்கிறது. அதன் மேற்பகுதி அழிந்துபோக, கருவறைச் சுவர்களும் அடித்தளமும் எஞ்சியிருந்தன. பல்லவர்காலத்துக் கட்டடக் கலைஞர்கள் அச்சுவர்களை இடித்து அப்புறப்படுத்தவில்லை. பழைய கருவறையை மணலால் நிரப்பினர். அதன்மேல் கருங்கற்பலகைகளை மூடியாக இட்டனர். அப்பலகைகளின்மேல் புதிய கோயிலை எழுப்பினர்.

இச்செயலைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். பழைய செங்கற்களைப் பெயர்த்தெடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கலாம். அக்காலத்தில் அது புதுமையன்று. வேறிடத்தில், கடலுக்கு இன்னும் தொலைவில், கட்டியிருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. வழிபாடு நிகழ்ந்த இடம் அப்படியே இருக்க வேண்டும், அதன்மேல்தான் புதியது அமைய வேண்டும் என்று கருதியிருக்கின்றனர். கட்டடக்கலை நோக்கிலும் இதில் நுட்பம் உண்டு. நான்கு பக்கமும் சுவரால் அடைபட்ட மணல் எளிதில் நழுவாது. மேலே வரும் பாரத்தைச் சீராகத் தாங்கும். அடித்தளத்தில் மணலை இட்டு இறுக்கும் வழக்கம் நம் கட்டுமானத்தில் இன்றும் உள்ளது. ஆற்றுப்படுகையிலும் கடற்கரையிலும் கட்டிப் பழகிய கைகள் இதை அறிந்திருந்தன. பழமையைக் காக்க நினைத்த பற்றும் பாரத்தைத் தாங்க வைத்த அறிவும் ஒரே செயலில் இணைந்துள்ளன.

இக்கோயில் வடக்கு நோக்கியது. நம் கோயில்களுள் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. சில மேற்கு நோக்கியவை. கிழக்கே கடல் இருக்க, கதிரவன் எழுவதை எதிர்கொள்ளும் வாய்ப்பும் இருக்க, இக்கோயில் வடக்கே முகம் திருப்பியிருப்பது ஆய்வாளர் கவனத்தை ஈர்த்த கூறுகளுள் ஒன்று. அதன் முன்னே கல்லில் செதுக்கிய வேல் ஒன்று நிற்கிறது. கல்வெட்டில் உள்ள சுப்பிரமணியர் என்னும் பெயரும் இந்த வேலும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

அகழாய்வில் கிடைத்த பொருள்களுள் சுடுமண்ணாலானவை குறிப்பிடத்தக்கவை. நந்தியின் உருவமும் பெண்ணொருத்தியின் தலையும் அவற்றுள் அடங்கும். எனினும் தமிழ் படிப்போர் மனத்தை முதலில் கவர்வது, மகளிர் கைகோத்து ஆடும் காட்சியமைந்த சுடுமண் பலகையே. அதைக் குரவைக்கூத்து என்று அடையாளம் கண்டுள்ளனர். குரவை என்ற சொல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை, குன்றக்குரவை என இரு காதைகளே அப்பெயரால் அமைந்துள்ளன. அவற்றுள் குன்றக்குரவை, மலைவாழ் மக்கள் முருகனைப் போற்றி ஆடுவது. பாட்டில் படித்த கூத்து மண்ணில் உருவாகி முருகன் கோயில் இருந்த இடத்திலேயே கிடைப்பது, இலக்கியமும் தொல்லியலும் எதிர்ப்படும் அரிய தருணங்களுள் ஒன்றாகும்.

நெய்தல் நிலத்தில் முருகன்

குரவை ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. தொல்காப்பியம் மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குச் சேயோனையும், கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாகக் கூறுகிறது. அவ்வாறாயின் அலையோசை கேட்கும் தொலைவில் முருகனுக்குக் கோயில் எவ்வாறு அமைந்தது?

இலக்கணம் வகுத்த எல்லையை மக்கள் வழிபாடு தாண்டிச் செல்வதுண்டு. இதற்குச் சான்று பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களைக் கூறும்போது பரங்குன்றத்தை அடுத்துத் திருச்சீரலைவாயைக் கூறுகிறது. அலைவாய் என்றால் அலைகள் வந்து மோதும் இடம். இன்றைய திருச்செந்தூரே அது. குன்றுதோறும் ஆடுகின்ற தெய்வம் கடலோரத்திலும் நிலைகொண்டதை அந்நூல் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. தென்கோடியில் அலைவாய் இருக்க, தொண்டை நாட்டுக் கடற்கரையிலும் வேல் நட்ட கோயில் ஒன்று இருந்ததில் வியப்பில்லை. திணைப் பாகுபாடு பாடலுக்குரிய ஒழுங்கு. அதைக் கொண்டு நிலத்தில் வாழ்ந்த மக்களின் வழிபாட்டை அளந்துவிட முடியாது.

விளக்கெரித்தவர்கள்

பல்லவர் கோயிலின் தூண்களிலும் அருகிலுள்ள பாறையிலும் காணப்படும் கல்வெட்டுகள் பல தலைமுறைகளைச் சேர்ந்தவை. பல்லவ மன்னர்களான தந்திவர்மன், நந்திவர்மன் ஆகியோர் காலத்தவை உள்ளன; மூன்றாம் கிருட்டிணன் காலத்தது உள்ளது; சோழன் முதலாம் இராசராசன் காலத்ததும் உள்ளது. அரசு கைமாறியது; பேரரசர் பெயர்கள் மாறின. கோயிலுக்குக் கொடை வருவது மட்டும் நிற்கவில்லை.

கொடையாளர்கள் அரசர்களாக மட்டும் இல்லை. வசந்தனார் என்னும் பெண்மணி இக்கோயிலில் விளக்கெரிக்கப் பொன் அளித்தார் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. கார்த்திகை விழாவுக்கென அளிக்கப்பட்ட கொடையைப் பற்றியும் செய்தி உண்டு. முருகனுக்கும் கார்த்திகைக்கும் உள்ள தொடர்பை நோக்கின் இது பொருத்தமானதே. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பெண்மணியைப் பற்றி நாம் அறிவது இவ்வளவே. அவர் கொடுத்த பொன் இல்லை. ஏற்றிய விளக்கும் இல்லை. ஆயினும் அவர் பெயர் இருக்கிறது. கல்வெட்டு என்பது பெரும்பாலும் ஓர் ஒப்பந்தப் பத்திரம்தான். அதில் கவிதை இராது, கணக்கு இருக்கும். அந்தக் கணக்குதான் சாதாரண மனிதர்களை வரலாற்றில் நிறுத்தியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கழஞ்சு என்பது பொன்னை நிறுக்கும் பழைய அளவு. ஏறத்தாழ 5 கிராம். விளக்கெரிக்கக் கொடுக்கும் பொன் முதலாக வைக்கப்படும். அதைப் பெற்றுக்கொண்ட ஊரவையோ கோயிலாரோ வட்டியைக் கொண்டு நெய்யோ எண்ணெயோ அளிக்க வேண்டும். சோழர்காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் அளிக்கும் வழக்கமும் இருந்தது. ஆடுகள் பெருகிக்கொண்டே இருப்பதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிப்பிடும். முதல் அழியாது, விளக்கும் அணையாது என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படை.

இத்தகைய கொடைகள் 'சந்திராதித்தவரை' நிகழ வேண்டும் என்று எழுதுவது கல்வெட்டு மரபு. அஃதாவது, நிலவும் கதிரவனும் உள்ள வரை. அவ்வாறு எண்ணிக் கொடுத்தவர்கள் தம் ஊர்ப்பெயரே சில நூற்றாண்டுகளில் மறைந்துபோகும் என்று கருதியிருக்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டு அளவில் பல்லவர் கோயிலும் அழிந்தது என்பது அகழாய்வாளர் கணிப்பு. இம்முறை அதன்மேல் எவரும் மீண்டும் கட்டவில்லை. மணல் ஏறியது. திருவிழ்ச்சில் என்னும் பெயரும் அதனோடு போயிற்று.

காலம் பற்றிய வழக்கு

செங்கற்கோயிலின் காலம் என்ன? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. மாணவர்கள் இதை மறைக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகழாய்வு நடத்தியவர்கள் அதைச் சங்ககாலத்தது என்று கருதுகின்றனர். அவர்கள் காட்டும் முதன்மைச் சான்று செங்கற்களின் அளவு. பழங்காலச் செங்கற்கள் இன்றையவற்றைப் போன்றவை அல்ல. நீளமும் அகலமும் மிகுந்தவை. சாளுவன்குப்பத்துச் செங்கற்கள் காவிரிப்பூம்பட்டினம், உறையூர், அரிக்கமேடு ஆகிய இடங்களில் கிடைத்த சங்ககாலச் செங்கற்களை அளவில் ஒத்திருக்கின்றன. குரவைக்கூத்துப் பலகை முதலிய சுடுமண் பொருள்களையும் அவர்கள் துணைச்சான்றாகக் கொள்கின்றனர். இக்கணிப்பு சரியாயின், தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட மிகப் பழைய முருகன் கோயில் இதுவே ஆகும்.

இதனை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். செங்கல்லின் அளவு ஒத்திருப்பது மட்டும் காலத்தை உறுதி செய்யாது என்பது அவர்கள் வாதம். ஒரு முறை வழக்கில் வந்த அளவு பல நூற்றாண்டுகள் தொடரலாம். பழைய கட்டடத்தின் செங்கற்களைப் பிற்காலத்தார் எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஐயமற்ற சங்ககாலக் கோயில் வேறொன்று முழுமையாகக் கிடைக்கவும் இல்லை. கும்பகோணத்தை அடுத்த வேப்பத்தூரில் உள்ள வீற்றிருந்த பெருமாள் கோயில் பல்லவருக்கு முற்பட்டதாகக் கருதப்படும் மற்றொரு செங்கற்கோயில். இவ்வாறான சான்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

ஏன் இவ்வளவு குறைவு? விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எவையும் இன்றி இக்கோயில் ஆக்கப்பட்டது என்று அது பெருமிதத்துடன் கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவொரு புதுமையாக இருந்ததனால்தான் எழுதி வைத்தனர். எனவே அதற்கு முந்தைய கோயில்கள் அவன் விலக்கிய அப்பொருள்களாலேயே கட்டப்பட்டிருந்தன என்று அறிகிறோம். மரம் உளுத்துப்போகும், செங்கல் சிதையும், அதைப் பெயர்த்தெடுப்போரும் உண்டு. கல்லுக்கு முந்தைய கோயில்களை நாம் இழந்தது இவ்வாறே. சாளுவன்குப்பத்துச் செங்கற்சுவர்கள் எஞ்சியதற்குக் காரணம், அவற்றின்மீது பல்லவர் கட்டியதும் அதன்மீது மணல் மூடியதும் ஆகும்.

என்னைக் கேட்டால், செங்கற்கோயில் பல்லவர் கோயிலுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. அடுக்கு முறையே அதற்குச் சான்று. கீழே இருப்பது முன்னது, மேலே இருப்பது பின்னது. எத்தனை நூற்றாண்டு முன்னது என்பதுதான் வழக்கு. 'மிகப் பழமையானது' என்று சொல்லிக்கொள்ளும் ஆர்வத்தில் அவ்வழக்கை முடிந்துவிட்டதாக எழுதுவது, மண்ணைத் தோண்டியவர்களின் பொறுமைக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

கடல்கோளும் கடலோரக் கோயில்களும்

செங்கற்கோயில் அழிந்தது எதனால்? கடல் பொங்கியதனால் என்று அகழாய்வாளர் கருதுகின்றனர். கடல்மணலும் கிளிஞ்சலும் கலந்த படிவுகளை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். பல்லவர் கோயிலின் அழிவுக்கும் அத்தகைய பேரலை காரணமாகலாம் என்பர். புயலலையா ஆழிப்பேரலையா என்று பிரித்தறிவது எளிதன்று. எதுவாயினும், 2004இல் வந்தது இக்கரைக்கு முதல் அலையாக இல்லாமல் இருக்கலாம்.

தமிழில் 'சுனாமி' என்ற சப்பானியச் சொல் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே 'கடல்கோள்' என்ற சொல் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. இறையனார் அகப்பொருள் உரை கடல்கொண்ட நாட்டைப் பற்றிப் பேசுகிறது. இவற்றை வரலாற்றுக் குறிப்புகளாக எந்த அளவுக்கு ஏற்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் அறிவு தமிழரிடம் இருந்தது என்பதை இச்சொல்லே மெய்ப்பிக்கும். அவ்வறிவு நூலில் தங்கியது, கரையில் தங்கவில்லை. 2004இல் கடல் உள்வாங்கியபோது, அது எதன் அறிகுறி என்று தெரியாமல் நீர் வற்றிய மணலில் இறங்கி வேடிக்கை பார்த்தவர்கள் பலர்.

இவ்விடத்தில் சப்பான் நாட்டுச் சின்தோக் கோயில்களை ஒப்பிட்டுக் காண்பது பயன்தரும். அந்நாட்டு மக்களின் பழஞ்சமயமாகிய சின்தோ மலை, மரம், அருவி, கடல் ஆகியவற்றில் உறையும் தெய்வங்களை வழிபடுவது. செண்டாய் நகரத்தில், கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், 'நமிவகே' என்னும் சிறுகோயில் உள்ளது. 'நமி' என்றால் அலை. 'வகே' என்றால் பிரித்தல். முற்காலத்தில் பொங்கி வந்த பேரலை அவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்து திரும்பியது என்பது அப்பெயருக்கு மக்கள் கூறும் காரணம். இவ்வளவு தொலைவுக்கா கடல் வரும் என்று பிற்காலத்தார் எண்ணியிருக்கலாம். 2011 மார்ச் 11ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை செண்டாய்ச் சமவெளிக்குள் பல கிலோமீட்டர் புகுந்து, அக்கோயிலை எட்டுவதற்கு முன் நின்றது. அக்கடற்கரையின் பழங்கோயில்கள் பல, அலை சென்று நின்ற எல்லையை ஒட்டியே அமைந்திருந்ததை ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டனர்.

('வகே' என்பதைக் கேட்டவுடன் நமக்கு 'வகு' நினைவுக்கு வரும். தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்னும் சப்பானிய அறிஞர் விரிவாக எழுதியுள்ளார். மொழியியலார் பலர் அதை ஏற்கவில்லை. ஓசை ஒற்றுமை இனிமையானது. செங்கல்லின் அளவைப் போலவே அதுவும் தனியே நின்று எதையும் நிறுவாது.)

கடலோடு வாழும் மற்றொரு முறையை இரோசிமா மாவட்டத்து மியாசிமா தீவிலுள்ள இத்சுகுசிமா கோயில் காட்டுகிறது. அது கரையிலன்றிக் கடல்நீர் ஏறி இறங்கும் இடத்திலேயே மரத்தூண்களின்மேல் நிற்கிறது. அலை உயரும்போது நீர் மேலெழுந்து வடிவதற்கென்றே தரைப்பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டிருக்கின்றனர். அதன் முன்னே நீரில் நிற்கும் பெருவாயில் சுமார் 16 மீட்டர் உயரமுடையது; கடற்படுகையில் ஆழப் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. இப்போதுள்ள வாயில் 1875இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பும் பலமுறை அது விழுந்து, மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. நம் கரையை அலை தாக்கிய அதே 2004ஆம் ஆண்டின் செப்டம்பரில் ஒரு சூறாவளி அக்கோயிலின் பகுதிகளைச் சிதைத்தது. பழைய முறைப்படியே அவற்றைச் செப்பனிட்டனர். அழிவை ஒரு முடிவாகக் கருதாமல், பராமரிப்பின் ஒரு பகுதியாக அவர்கள் கருதுகின்றனர்.

திருவிழ்ச்சிலிலும் ஒருமுறை அவ்வாறே நடந்தது. விழுந்த செங்கற்கோயிலின்மேல் கருங்கற்கோயில் எழுந்தது. இரண்டாம் முறை நடக்காமைக்குக் காரணம் கடல் மட்டுமா, அல்லது ஊரும் துறைமுகமும் தளர்ந்து கொடையாளர் இல்லாமற் போனதா என்பது ஆராயத்தக்கது. கடல் இடித்ததை மனிதர் கட்ட முடியும். கட்டுவதற்கு மனிதர் வேண்டும்.

இன்றைய நிலை

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பினான். உப்புக்காற்றால் அதன் சிற்பங்கள் முகம் தேய்ந்துள்ளன. அலை அரிப்பைத் தடுக்கக் கோயிலைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டி அரண் அமைத்தும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தும் தொல்லியல் துறை அதைக் காத்து வருகிறது. 2004இல் அலை அக்கோயிலைச் சூழ்ந்தபோது இப்பாறையரண் பெரிதும் துணைசெய்தது.

சாளுவன்குப்பத்துக் கோயிலுக்கு வேறொரு வகை இடர் உண்டு. மணலுக்குள் இருந்தவரை அதன் செங்கற்களை மணலே காத்தது. வெளிப்பட்டபின் மழையும் உப்பும் அவற்றைத் தின்னத் தொடங்கும். அகழ்ந்தெடுத்தல் என்பது ஒரு பொருளுக்கு வெளிச்சம் தருவது. அதே நேரத்தில் அதன் பாதுகாப்பைப் பறிப்பது. ஆகவே, அகழாய்வு முடிந்த இடத்தைத் தொடர்ந்து பேணுவது அகழ்வதைவிட நீண்ட பணி. அங்கே செல்வோர் சுவர்களின்மேல் ஏறாமலும் செங்கல் துண்டுகளைக் கையிலெடுக்காமலும் இருப்பது அப்பணியில் நம் பங்கு. உதிர்ந்த துண்டு கிடந்த இடமும் ஆய்வாளர்க்கு ஒரு செய்தியே.

காலைப் பொழுதில் செல்வது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் தூணில் உள்ள எழுத்துகள் நிழல்பட்டுத் தெளிவாகத் தெரியும். முதலில் பாறைக் கல்வெட்டைக் கண்டு, பின்னர்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்று செங்கல் எங்கே முடிகிறது, கருங்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதன்பின் வடபுறம் சென்று வேலின் அருகே நிற்கலாம். அங்கிருந்து கோயிலை நோக்கினால் கடல் இடப்புறம் இருக்கும். மரங்கள் மறைத்தாலும் அலையின் ஓசை கேட்கும்.